இடம் கேட்கிறீர்கள், அடியைக் கேட்பதில்லை

ராத்திரி இரண்டே முக்காலுக்கு வருகிற போனில் நல்ல சேதி இருக்காது என்பது என் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். "சார், படகு பாறையில இடிச்சுக்கிட்டு நிக்குது. நங்கூரம் போட்டுட்டுத்தானே சார் படுத்தோம்?" இந்த சீசனில் இதே வாக்கியத்தை நான்காவது தடவையாகக் கேட்கிறேன். முதல் மூன்று பேருக்குப் பொறுமையாகப் பதில் சொன்னேன். இந்த முறை எழுதியே தீர்த்துவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

சின்னப் படகு ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. கற்றுக்கொள்ளாமல் கிளம்பிப் போனவர்களை இழுத்துக்கொண்டு வருவது பாதி வேலை ஆகிவிட்டது. அன்றைக்கு மாட்டிக்கொண்டவர்கள் மூன்று பேர்: கணவன், மனைவி, மனைவியின் தம்பி. 20 அடிப் படகு, வெளிப்பொருத்து எஞ்சின், படுக்கச் சின்ன அறை. "யாருக்கும் தெரியாத அழகான குடாக்கள்" என்று யாரோ சுற்றுக்கு விட்ட பட்டியலில் ஒரு புள்ளியைத் தொட்டு, செல்போன் காட்டிய வழியில் போயிருக்கிறார்கள். குடா அழகுதான், அதில் சந்தேகமில்லை. மூன்று பக்கமும் குன்று, ஆளரவமே கிடையாது.

விடியற்காலையில் போய்ச் சேர்ந்தேன். ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். எஞ்சினின் கால் உடைந்திருந்தது. படகின் அடியில் கை நுழைகிற அளவுக்குப் பிளவு. அவர்களுடைய நங்கூரத்தை நான்தான் இழுத்தேன். சுலபமாக வந்தது, அதுதான் கோளாறே. புது நங்கூரம், பூச்சு கூட உரியவில்லை. அலகில் ஒரு கொத்துக் கடற்புல் சுற்றியிருந்தது; ஒரு மணல் துகள் கூட ஒட்டவில்லை. கட்டியிருந்தது 10 மீட்டர் நீலக் கயிறு, தண்ணீரில் மிதக்கிற ரகம்.

"கடையில 10 கிலோ நங்கூரமே உங்க படகுக்குத் தாராளம்னு சொன்னாங்க சார்" என்றார் கணவர்.

தாராளம்தான். ஆனால் நங்கூரம் தன் கனத்தால் படகைப் பிடித்து வைக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னது? எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும். வருகிற மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் இதே நம்பிக்கையோடுதான் வருகிறார்கள். தண்ணீரில் இறக்கினால் அந்த 10 கிலோ இரும்பு 9 கிலோவுக்கும் குறைவாகத்தான் கனக்கும். அதை உங்கள் பையன் ஒரு கையால் தூக்குவான். ஒன்றரை டன் படகைக் காற்று பிடித்துத் தள்ளும்போது அந்தக் கனம் என்ன செய்யும்? காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. கனத்தால் நிறுத்துவதென்றால் படகு சுமக்க முடியாத கல்லைக் கட்டி இறக்க வேண்டும்.

நங்கூரம் கல் இல்லை, கலப்பை. ஏர் உழுவதைப் பார்த்தவர்களுக்கு நான் வேறெதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஏர்க்கால் தாழ்ந்து இழுபட்டால் கொழு மண்ணுக்குள் இறங்கும். அதையே மேல்நோக்கித் தூக்கி இழுத்தால் கொழு வெளியே வந்து தரையைக் கீறிக்கொண்டு ஓடும். நங்கூரமும் அப்படித்தான்: தரையோடு படுத்தபடி இழுபட்டால் புதையும், மேல்நோக்கி இழுபட்டால் பிடுங்கிக்கொள்ளும். இது நான் அலங்காரத்துக்குச் சொல்லும் உவமையும் இல்லை. 1933இல் ஜி. ஐ. டெய்லர் என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர் உருவாக்கிய நங்கூரம் அப்பட்டமான கலப்பை வடிவம். நீர்மங்களின் ஓட்டத்தை ஆராய்ந்தவர், பாய்மரப் படகுப் பைத்தியமும் கூட. அந்த நங்கூரம் சி.க்யூ.ஆர் என்ற பெயரில் இன்றும் படகுகளில் தொங்குகிறது. கனத்தைக் கூட்டாமல் பிடியைக் கூட்டுவதுதான் அதன் சூட்சுமம். தொண்ணூறு வருஷம் ஆகிவிட்டது, நாம் இன்னும் கிலோக் கணக்கு பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே படுத்தபடி இழுபட வேண்டும். அதற்குக் கயிறு நீளமாக இருக்க வேண்டும். எவ்வளவு நீளம்? ஆழத்தைப் போல் ஏழு மடங்கு. அமைதியான பகலில், பக்கத்திலேயே கண் வைத்திருந்தால், ஐந்து மடங்கு. கயிற்றுக்குப் பதில் முழுக்கச் சங்கிலி என்றால் நான்கு மடங்கிலும் சமாளிக்கலாம். ஆனால் "ஆழம்" என்பது ஆழமானியில் தெரிகிற எண் மட்டும் இல்லை. நங்கூரம் போடும்போது அவர்களுடைய மானி 4 மீட்டர் காட்டியிருக்கிறது. அது வற்றம், கடல்நீர் இறங்கியிருந்த நேரம். ராத்திரி ஓதம் ஏறி 6 மீட்டர் ஆகிவிட்டது. அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், கயிறு கட்டும் இடம் தண்ணீரிலிருந்து 1 மீட்டர் உயரம். ஆக, 7 மீட்டர். ஏழு மடங்கென்றால் 49 மீட்டர் கயிறு. இருந்தது 10. செங்குத்துக்கும் படுக்கைக்கும் பாதி வழியில் நின்ற கயிறு நங்கூரத்தை மேல்நோக்கித் தூக்கிக்கொண்டிருந்தது என்று சொல்வதுதான் சரி. அதற்குள் காற்று திசை மாறிக் கடல் பக்கமிருந்து வீசத் தொடங்கிவிட்டது. குடாவின் வாய் அந்தப் பக்கம்தான். பிறகு பாறைக்குப் போகாமல் வேறெங்கே போகும்?

கயிறு நைலானாக இருக்கட்டும், அது நீண்டு கொடுக்கும், அலையின் உதைப்பை வாங்கிக்கொள்ளும். மிதக்கிற மலிவுக் கயிறு வேண்டவே வேண்டாம். வெயிலில் இற்றுப்போகும், உங்கள் எஞ்சின் சுழலியிலேயே வந்து சுற்றிக்கொள்ளும். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே குறைந்தது படகின் நீளத்துக்குச் சங்கிலி. இதில் பேரம் கிடையாது.

இப்போது அந்தப் பட்டியல்கள் விஷயத்துக்கு வருகிறேன். என்னிடமும் கேட்கிறார்கள்: "கூட்டம் இல்லாத, உங்களுக்குப் பிடிச்ச இடமா ரெண்டு சொல்லுங்க சார்." சொல்கிறேன், எனக்கென்ன கஞ்சத்தனம். ஆனால் ஒரு குடா நல்லதா கெட்டதா என்று காற்றையும் கடலின் அடித்தரையையும் கேட்காமல் யாராலும் சொல்ல முடியாது. கிழக்கிலிருந்து வரும் கொண்டலுக்கு அருமையான ஒதுக்கு, மேற்கிலிருந்து வரும் கச்சானுக்குப் பொறியாக மாறும். கூட்டம் வராத இடத்துக்கு ஏன் கூட்டம் வரவில்லை என்று யோசித்தீர்களா? சில சமயம் யாருக்கும் தெரியாததால். பல சமயம் தெரிந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்ததால்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அமெரிக்காவின் செசாப்பீக் விரிகுடாவின் ஓடைகளை. விரிகுடாவின் பெயர் எல்லோருக்கும் தெரியும். கரையோரம் கிளைகிளையாகப் பிரிந்து உள்ளே போகிற நூற்றுக்கணக்கான ஓடைகளில் பாதிக்கு ஆள் வருவதில்லை. சராசரி ஆழமே ஆறரை மீட்டருக்குக் கீழ். ஏற்றவற்றம் சொற்பம். அடி பெரும்பாலும் சேறு, நங்கூரம் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கும். அப்படிப்பட்ட இடத்திலும் ஒன்று உண்டு: கோடைப் பிற்பகலில் இடியோடு வருகிற புயற்காற்று. பத்து நிமிஷத்தில் திசையே மாறிவிடும், படகு எதிர்ப்பக்கம் சுழலும். 49 மீட்டர் கயிறு விட்ட படகு சுழல்வதற்கு 100 மீட்டருக்கு மேல் குறுக்களவுள்ள வட்டம் வேண்டும் என்பதை அங்கே போய் நினைத்துப் பார்த்துப் பயனில்லை.

ஆழமான இடம் பிடிக்கும் என்றால் கனடாவின் மேற்குக் கரையில் டெசொலேஷன் சவுண்ட். 1792இல் கேப்டன் வான்கூவர் வைத்த பெயர். பாழ்வெளி என்று அர்த்தம் வரும். மனிதருக்கு அன்றைக்கு மனநிலை சரியில்லை போலிருக்கிறது, ஏனென்றால் கோடையில் குளிக்கும் அளவுக்கு அங்கே தண்ணீர் வெதுவெதுப்பு. கோடையில் பெரிய குடாக்கள் நிரம்பி வழியும், பக்கத்துச் சின்ன மடிப்புகள் காலியாகக் கிடக்கும். காரணம், பாறைச் சுவர் செங்குத்தாக இறங்குவதால் கரையை ஒட்டியே ஆழம் அதிகம். ஏழு மடங்குக் கயிறு விட்டுச் சுழல இடமே இருக்காது. அங்கே நங்கூரத்தை ஆழத்தில் போட்டு, அமரத்திலிருந்து, அதாவது படகின் பின்முனையிலிருந்து, இன்னொரு கயிற்றைக் கரையில் மரத்திலோ பாறை வளையத்திலோ கட்டுவார்கள். இதைப் பகலில், காற்றில்லாத இடத்தில் பழகிவிட்டுப் போங்கள். கூட வந்தவரை இருட்டில் கயிற்றோடு துடுப்புத் தோணியில் அனுப்பிவிட்டுப் படகிலிருந்து கத்துவது பயிற்சி ஆகாது.

ஸ்பெயினின் கலீசியாக் கரையில் உள்ள நீண்ட கடற்கழிகள் எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தவை. அட்லாண்டிக்கின் அலை வாசலோடு நின்றுவிடும், உள்ளே ஒதுக்கு ஏராளம். ஆனால் சிப்பி வளர்க்கும் மரத்தெப்பங்கள் வரிசை வரிசையாக நிற்கும், இருட்டில் அவற்றுக்குள் மாட்டினால் பகல்வரை அங்கேதான். வாசலில் இருக்கும் சீயஸ் தீவுகள் தேசியப் பூங்கா. முன்அனுமதி இல்லாமல் நங்கூரம் போடக் கூடாது.

ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் கிம்பர்லிக் கரை பற்றியும் கேட்கிறார்கள். ஆளே இல்லாத குடாக்கள் வேண்டும் என்றால் அதைவிட நல்ல இடம் கிடையாது. கிங் சவுண்டில் ஏற்றவற்றம் 11 மீட்டரைத் தாண்டும். ஓதம் ஏறும் ஆறு மணி நேரத்தில் நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதி உயரம் ஏறிவிடும். அதாவது நீங்கள் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் ஐந்தரை மீட்டர். முதலையும் உண்டு, ஆகவே சிக்கிய நங்கூரத்தை முங்கி எடுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். முதல் வருஷத்துக்காரர்கள் அங்கே போக வேண்டாம். தயவுசெய்து.

போகும் இடம் எதுவானாலும் செல்போன் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதால் கடலைப் பற்றிய தகவல் கூடாது, எழுத்துதான் பெரிதாகும். ஆளில்லாக் குடாக்களில் பலவற்றுக்கு இருப்பதே ஈயக்குண்டுக் கயிறு விட்டு அளந்த பழைய எண்கள்தான். சிறிதாக்கிப் பார்த்தாலோ பார், அதாவது தண்ணீருக்குள் கிடக்கும் பாறைத்திட்டு, இருப்பதே மறைந்துபோகும். 2014 நவம்பரில் உலகைச் சுற்றும் பந்தயத்தில் ஓடிய படகு ஒன்று மொரீஷியஸுக்கு வடகிழக்கே கார்கடோஸ் கரஹோஸ் பாரில் ராத்திரியில் முழு வேகத்தில் ஏறியது இப்படித்தான். அவர்கள் உலகத்தரமான மாலுமிகள்.

அந்தப் பழைய ஈயக்குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும், அதில் கொழுப்பைத் தடவி இறக்குவார்கள். மேலே வரும்போது மணலா, சேறா, சிப்பியா என்று ஒட்டிக்கொண்டு வரும். ஒன்றும் ஒட்டவில்லை என்றால் பாறை. என் வகுப்பில் இன்றைக்கும் இதைச் செய்ய வைக்கிறேன், பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

புல்லில் மட்டும் போடாதீர்கள். புல்லில் நங்கூரம் பிடிக்காது, நங்கூரம் பட்ட புல்லும் பிழைக்காது. மத்தியதரைக் கடலின் பொசிடோனியாப் புல் அவ்வளவு மெதுவாக வளரும் என்பதால்தான் பலியாரிக் தீவுகளில் 2018இலேயே அதன்மேல் நங்கூரமிடத் தடை போட்டார்கள். தெளிந்த தண்ணீரில் கரும்பச்சைத் திட்டு தெரிந்தால் அது புல்லோ பாறையோ, வெளிர்நிறம் தெரிந்தால் பெரும்பாலும் மணல். அந்த வெளிர்நிறத்தில் போடுங்கள். இதைப் பார்க்கச் சூரியன் உயரத்தில் இருக்க வேண்டும், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் இன்னும் நல்லது. ஆகவே மூன்று மணிக்குள் போய்ச் சேருங்கள். இருட்டின பிறகு தெரியாத குடாவுக்குள் நுழைகிறவரைத் துணிச்சல்காரர் என்று நான் சொல்ல மாட்டேன், வேறு பெயர் வைத்திருக்கிறேன்.

நங்கூரம் தரையைத் தொட்டதும் வேலை முடிந்துவிடுவதில்லை. மெதுவாகப் பின்னோக்கிப் போய்க்கொண்டே கயிற்றை விடுங்கள். முழுக்க விட்டபின் எஞ்சினைப் பின்னோக்கிக் கொஞ்சம் கூட்டிக் கயிற்றின்மேல் உள்ளங்கையை வையுங்கள். புதைந்த நங்கூரத்தின் கயிறு விறைப்பாக, அமைதியாக இருக்கும். தரையில் இழுபடுகிற நங்கூரம் அதிர்வாக, கல்லில் வண்டிச் சக்கரம் போவது மாதிரி கையில் தெரியும். தெரிந்தால் எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள், மூன்று தடவை ஆனாலும் சரி, வெட்கப்படாதீர்கள். பிறகு கரையில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் இரண்டு பொருள்களை, ஒரு மரம், அதற்குப் பின்னால் ஒரு பாறை, நேர்கோட்டில் பார்த்து வையுங்கள். பக்கவாட்டில் இன்னொரு ஜோடி. படுக்கும் முன் அந்தக் கோடு கலைந்திருக்கிறதா என்று பாருங்கள். படகு இடம் நகர்ந்தால் கத்துகிற நங்கூர அலாரமும் செல்போனில் வையுங்கள், சார்ஜரில் போட்டு.

ஒன்றே ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். கயிற்றை அமரத்தில் கட்டி நங்கூரம் போடாதீர்கள், சிக்கிய நங்கூரத்தை அங்கிருந்து எஞ்சின் வேகத்தில் பிடுங்கப் பார்க்காதீர்கள். சின்னப் படகில் பின்பக்கம்தான் தாழ்வு, எஞ்சினின் கனமும் அங்கேதான். 2009 பிப்ரவரி கடைசியில் ஃப்ளோரிடாவுக்கு அப்பால் மெக்சிகோ வளைகுடாவில் 21 அடிப் படகில் போன நான்கு நண்பர்கள் செய்தது அதைத்தான்: சிக்கிய நங்கூரம், பின்னால் கட்டிய கயிறு, முன்னோக்கி வேகம். பின்பக்கம் அமிழ்ந்து தண்ணீர் ஏறிப் படகு கவிழ்ந்தது. திரும்பி வந்தது ஒருவர். வராத மூவரில் இருவர் தொழில்முறை விளையாட்டு வீரர்கள். உடல் வலுவுக்குக் குறைவில்லை. சிக்கினால் கயிற்றை வெட்டுங்கள். நங்கூரம் கடையில் கிடைக்கும்.

ராத்திரி வெள்ளை விளக்கு, எல்லாத் திசைக்கும் தெரிகிற மாதிரி. 7 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு, மற்றவர்கள் வந்துபோகாத இடத்தில், சர்வதேச விதி அதைக் கட்டாயமாக்கவில்லை என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். விதி அப்படித்தான் சொல்கிறது. நீங்கள் போனமாதிரி இன்னொருவரும் அதே பட்டியலைப் பார்த்துவிட்டு இருட்டில் வருவாரே, அவருக்காகப் போடுங்கள்.

அந்த 10 கிலோ நங்கூரம் இன்னும் என் கொட்டகையில்தான் கிடக்கிறது. படகு பழுது முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். நங்கூரத்தில் குற்றமில்லை, தாராளமாகக் கொண்டுபோகட்டும். அதில் கட்டியிருந்த நீலக் கயிற்றை மட்டும் கழற்றிவிட்டேன், துணி காயப்போட வசதியாக இருக்கிறது.