ஆமியில் சேருகிறீர்களா? எந்த வாசலால் என்று முதலில் பாருங்கள்

இலங்கை ஆமிக்கு ஆள் எடுக்கிறார்களாம் என்று ஒரு பேச்சு வந்தால் போதும், மலையகத் தோட்டத்துப் பிள்ளைகள் ஓ.எல். (சாதாரண தர) சான்றிதழைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். எதற்கு எடுக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. உள்ளே போனபிறகு பாதை மாறுவது லேசில் நடக்காது, அதனால் கேட்க வேண்டியதை இப்போதே கேளுங்கள்.

ஏ.எல். (உயர் தரம்) சித்தியடைந்தவர் கெடெட் அதிகாரியாக, அதாவது பயிற்சி முடித்து அதிகாரியாக வருகிறவராக, விண்ணப்பிக்கலாம். அந்தப் பயிற்சி நம் பக்கத்திலேயே, தியத்தலாவையில் நடக்கிறது. பெறுபேறு நன்றாக இருந்தால் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் கெடெட்டாகச் சேர்ந்து பட்டமும் எடுக்கலாம், ஆனால் ஒப்பந்தம் உண்டு, பாதியில் விட்டால் காசு கட்ட வேண்டிவரும். மற்றது சிப்பாய் வாசல். அதிலும் சாதாரணச் சிப்பாய் வேறு, மின்வேலை, மோட்டார் வேலை, தாதி வேலை என்று தொழிலோடு போகிறவர் வேறு. நிரந்தரப் படையா தொண்டர் படையா என்பதும் விளம்பரத்தில் இருக்கும், சீருடை ஒன்றுதான், சேவை நிபந்தனை ஒன்றல்ல.

என் அபிப்பிராயம்: ஏ.எல். இருக்கிற பிள்ளை, இப்போது சிப்பாய்க்குத்தான் ஆள் எடுக்கிறார்கள் என்பதற்காக அவசரப்பட்டு அங்கே கையெழுத்து வைக்கக் கூடாது. சிப்பாயாகப் போய் அதிகாரியாக வருவது அரிது. ஓ.எல்.லோடு நிற்பவர் முதலில் ஹட்டன் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் மாதிரி ஓர் இடத்தில் தொழில் படித்து என்.வீ.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் எடுத்துக்கொண்டு போகட்டும். சிப்பாய்க்கு ஓய்வூதியம் பொதுவாக 22 வருடத்துக்குப் பிறகுதான். நாற்பது வயதில் வெளியே வரும்போது துப்பாக்கி பிடிக்கத் தெரியும் என்றால் செக்கியூரிட்டி வேலைதான் கிடைக்கும், ஜெனரேட்டர் திருத்தத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான்.

சரி, தெரிவு செய்தாயிற்று. ஆனால் நம் ஆட்கள் விழுவது பெரும்பாலும் ஓட்டத்திலோ தண்டாலிலோ இல்லை, கடதாசியில்தான்.

பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, ஓ.எல். சான்றிதழில் மூன்றாவது. அப்பாவின் பெயரை எந்தக் காலத்திலோ யாரோ சிங்களத்தில் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். இதைத் திருத்தப் போனால் பிரதேச செயலகம் பாடசாலைக்கு அனுப்பும், பாடசாலை பரீட்சைத் திணைக்களத்தைக் கைகாட்டும், சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி வாங்கிக்கொண்டு போனால் அது போதாது என்று இன்னொரு கருமபீடத்தில் சொல்வார்கள். இதற்கிடையில் வயதெல்லை கடந்துவிடும், அதற்கு எந்தக் கந்தோரும் பொறுப்பேற்காது. ஆகவே விளம்பரம் வரும்வரை காத்திருக்காதீர்கள், பதினேழு வயதிலேயே மூன்று கடதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியை இப்போது எந்தப் பிரதேச செயலகத்திலும் எடுக்கலாம், பிறந்த ஊருக்குத்தான் போக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பித் திரும்பி வராதீர்கள்.

அடுத்தது கிராம உத்தியோகத்தர் சான்றிதழ். கொழும்பில் கடையில் வேலை செய்கிற பையன் அங்கே கேட்டால் உன் பெயர் இங்கே பதிவில்லை என்பார்கள், தோட்டத்துக்கு வந்து கேட்டால் நீ இங்கே இருப்பதில்லையே என்பார்கள். வேலைக்கு எங்கே போனாலும் வீட்டு விலாசத்தில் வாக்காளர் பதிவை விடாமல் வைத்திருங்கள். அந்தச் சான்றிதழ் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும், பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வேண்டும். தாத்தாவின் பிரசாவுரிமைப் பத்திரம் எங்கே என்று கேட்கிற உத்தியோகத்தர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கையில் தேசிய அடையாள அட்டை இருக்கிறவனிடம் இது என்ன கேள்வி? இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை கொடுத்த 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தைச் சொல்லுங்கள், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் பாதிப் பேர் வழிக்கு வந்துவிடுவார்கள்.

கடிதம் பெரிய கூத்து. லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, தபால்காரர் வருவதில்லை, எல்லாம் தோட்டக் கந்தோரில் குவிந்து கிடக்கும். நேர்முகத் தேர்வுக்கான கடிதம் தேர்வு முடிந்தபிறகு கைக்கு வருகிற கதை மலையகத்தில் புதிதில்லை. டவுனில் தெரிந்த கடை அல்லது உறவினர் விலாசத்தைத் தபால் விலாசமாகப் போடுங்கள், ஆனால் நிரந்தர விலாசத்தை மாற்றாதீர்கள், மாற்றினால் சான்றிதழோடு முரண்படும்.

உயரத்தையும் வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். 2016 கணக்கெடுப்பின்படி தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 32 வீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள், நாடு முழுதும் எடுத்தால் 17 வீதம்தான். சத்துணவு கொடுக்காத அரசாங்கம் அப்புறம் அளவுகோலோடு வந்து நிற்கிறது. விளம்பரத்தில் உள்ள அளவுக்குக் குறைந்தால் வீண் செலவு செய்யாமல் தொழில் பக்கம் திரும்புவது நல்லது.

2030க்குள் இராணுவத்தை ஒரு இலட்சம் பேராகக் குறைப்பதாக 2023இல் அறிவித்துவிட்டார்கள். இடம் குறையக் குறையத் தரகர் கூட்டம் கூடும். சேர்வதற்கு ஒரு சதமும் கட்டணம் இல்லை, அம்மாவின் ஈ.பி.எப். (சேமலாப நிதி) காசை எவனிடமும் கொடுக்காதீர்கள்.

மொழியையும் சொல்ல வேண்டும், பயிற்சி பெரும்பாலும் சிங்களத்தில்தான். முடியவில்லை என்று லீவில் வந்து திரும்பிப் போகாமல் ஒளிந்தால் தப்பியோடியவர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள், பிறகு பொலிஸ் தேடும். 2024 ஏப்ரல் 20 முதல் மே 20 வரை கொடுத்தது மாதிரிப் பொதுமன்னிப்பு எப்போதாவதுதான் வரும். விலக வேண்டுமென்றால் உள்ளே இருந்துகொண்டே எழுத்தில் விண்ணப்பியுங்கள், பிரதி ஒன்றை வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.