“என்னை ஒருத்தரும் கடத்தேல்லையே, மிஸ்”

வன்னிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் உள்ள என் அலுவலகத்தில் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு சொன்ன வசனம் இது. முறைப்பாட்டின் தலைப்பில் ‘ஆட்கடத்தல்’ என்று நான் எழுதியதைப் பார்த்ததும் பதறிவிட்டார். “நான்தானே ஓமெண்டு போனனான். என்ட பிழைதான். கடத்தினது எண்டு எழுதினா பொய்யாப் போயிடும்.”

ஓமானில் ஏழு மாதம் வீட்டு வேலை செய்துவிட்டு இரண்டு மாதச் சம்பளத்தோடு திரும்பியவர் அவர். (அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக இரண்டு மூன்று பேரின் கதையை ஒருவராக்கி எழுதுகிறேன். ஊர், மாதக்கணக்கு எல்லாம் மாற்றியவை.)

அவர் பதறியதில் நியாயம் இருக்கிறது. யுத்த காலத்தில் கொழும்பில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் ‘கடத்தல்’ என்றால் வெள்ளை வான். ஆளைத் தூக்கி ஏற்றுவது, பிறகு ஆள் காணாமல் போவது. அந்தச் சொல்லுக்குள் விசிட் விசாவும் விமான டிக்கெட்டும் எப்படி வரும்? சரி, அரச ஆவணங்களில் இருக்கும் ‘மனித வியாபாரம்’ என்ற சொல்லைப் பாவிப்போம் என்றால் அது இன்னும் மோசம். சிங்களத்தில் ‘மினிஸ் ஜாவாரம’ என்பதை அப்படியே தமிழில் வைத்ததுபோல இருக்கும். அதைக் கேட்டதும் பெண்களின் முகம் மாறிவிடும். “நான் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை மிஸ்” என்பார்கள். வியாபாரம் என்றால் உடம்பு வியாபாரம்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டு சொல்லுமே அவருக்குப் பொருந்தவில்லை. ஆகவே அவரும் சொல்வதில்லை, எதிரே இருக்கும் பொலிஸ் உத்தியோகத்தரும் எழுதுவதில்லை.

சட்டம் அந்த அளவுக்குக் குறுகியதில்லை. 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்ந்த 360சி பிரிவில், கையைக் கட்டி வாயை அடைத்திருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. பயமுறுத்தல், பலாத்காரம், மோசடி, ஏமாற்று, ஆசை காட்டித் தூண்டுதல், ஒருவரின் கதியற்ற நிலையைப் பயன்படுத்துதல், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். கட்டாய வேலைக்கோ பாலியல் சுரண்டலுக்கோ அடிமைபோல வைத்திருப்பதற்கோ அந்த வழியில் ஆள் சேர்ப்பதும், கொண்டுபோவதும், தங்கவைப்பதும், பொறுப்பேற்பதும் குற்றம். தண்டனை 2 வருடத்திலிருந்து 20 வருடம் வரை. இலங்கை 2000இல் கையொப்பமிட்டு 2015இல் அங்கீகரித்த பலர்மோ நெறிமுறை (ஆட்கடத்தலுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை) இன்னும் தெளிவாகச் சொல்கிறது: ஏமாற்றி வாங்கிய சம்மதம் சம்மதமே அல்ல. அவர் ‘ஓம்’ என்றது எதற்கு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அவர் எதற்கு ஓம் என்றார்? கணவர் இல்லை, பிள்ளைகள் இரண்டு, நுண்கடன் மூன்று இடத்தில். கிழமைக் காசு வாங்க வருபவர்கள் படலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இருட்டும்வரை நிற்பார்களாம். அந்த நேரத்தில், ஊரிலேயே ஒரு அண்ணை வந்து டுபாயில் வேலை இருக்கிறது என்கிறார். இவர் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. மாறாக, போகுமுன்பே இவர் கையில் இலட்சக்கணக்கில் காசு தருகிறார்கள்.

இந்த முன்காசைத்தான் ஆட்கள் கவனிப்பதில்லை. ‘ஏஜென்சி காசு கேட்டால் கவனமாக இருங்கள்’ என்று நாங்கள் பத்து வருடமாக விழிப்புணர்வுக் கூட்டங்களில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வளைகுடாவுக்குப் பணிப்பெண்களாகப் போகிறவர்கள் விடயத்தில் காசு மறுபக்கமாகத்தான் ஓடுகிறது. சப் ஏஜென்ட், அதாவது அந்த அண்ணை மாதிரி ஊரில் ஆள் சேர்த்துக் கொடுக்கும் தரகர், காசு கொடுக்கிறார், கடன் அடைபடுகிறது, வீட்டில் எல்லோருக்கும் அவர் கடவுள்போல. அங்கே போனபின் “வேலை செய்ய ஏலாது” என்றால், “அப்ப வாங்கின காசைத் திருப்பித் தா” என்கிறார்கள். ஊரில் கடன், அங்கே கடன். பூட்டிய கதவைவிட இந்தக் கணக்குத்தான் அவரை அந்த வீட்டிலேயே வைத்திருந்தது.

மருதானையில் ஒரு லொட்ஜில் நாலு நாள். அங்கே இன்னும் ஆறு பெண்கள் இருந்தார்களாம், ஒருவருக்கும் மற்றவரின் முழுப்பெயர் தெரியாது. பாஸ்போர்ட்டுகள் எல்லாம் ஒரே ஆளின் பையில். கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் வழியில் வானில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்: “கேட்டா சொந்தக்காரரைப் பார்க்கப் போறன் எண்டு சொல்லுங்கோ.” டுபாயில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் ஓமான். அங்கே ‘ஒபீஸ்’ என்று இவர்கள் சொல்லும் இடத்தில் ஓர் அறை. வீட்டுக்காரர்கள் வந்து பார்த்து ஆளைத் தெரிவு செய்துகொண்டு போவார்கள். “சந்தையில ஆடு பார்க்கிற மாதிரி” என்றார். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நான் என்ன செய்வதென்று தெரியாமல் தேத்தண்ணி சொன்னேன்.

2022 நவம்பரில் ஓமான் விவகாரம் வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது ஞாபகமிருக்கலாம். விசிட் விசாவில் கொண்டுபோகப்பட்ட பெண்கள் பலர் மஸ்கட்டில் தவித்தார்கள். அந்த விசாரணையில் அங்குள்ள நம் தூதரகத்தில் பணியாற்றிய அதிகாரி ஒருவரும் கைதானார். அது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் புதுக் கதையல்ல.

இனி வாக்குமூலத்துக்கு வருகிறேன். என்னிடம் வருவதற்கு முன்பே அவர் ஒரு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுத்திருந்தார். முதல் கேள்வியே “விருப்பத்தோடதானே போனீங்க?” என்பதுதானாம். ஓம் என்றிருக்கிறார். அவர் தமிழில் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்ற ஒருவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, எழுதி முடித்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். பிரதியை எடுத்துப் படித்தேன். ஏழு மாதமும் நாலு வரிக்குள் அடங்கியிருந்தது. கடைசி வரியின் கருத்து: ‘வேலை பிடிக்காமையால் அவ்விடத்தை விட்டுத் தப்பி வந்தேன்.’ வேலை பிடிக்கவில்லை என்று அவர் சொல்லவேயில்லை. சம்பளம் தரவில்லை, அடித்தார்கள், போனைப் பறித்தார்கள் என்றுதான் சொன்னார்.

மூதூர் ரிசானா நபீக்கை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிறப்புச் சான்றிதழில் 1988, கடவுச்சீட்டில் 1982. வயதைக் கூட்டிப் போட்டு 2005இல் சவூதிக்கு அனுப்பப்பட்டபோது அவருக்கு 17 வயது. தன் பொறுப்பில் இருந்த குழந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டி, 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனையை நிறைவேற்றினார்கள். அவர் தமிழில் சொன்னதை அரபுக்கு மாற்றியவருக்கு அந்தத் தகுதி இருந்ததா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. நமக்கு அது சவூதியில் நடந்த அநியாயம். மொழி தெரியாத ஆளை நடுவில் வைத்துக்கொண்டு வாக்குமூலம் எழுதுவது இங்கேயும் நடக்கிறது என்பதை ஏனோ பேசமாட்டோம். தமிழில் வாக்குமூலம் கொடுப்பது உங்கள் உரிமை. யாரும் செய்யும் உதவியல்ல. வாசித்து விளங்காத கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள்.

நாடு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2010இல் ஆட்கடத்தலுக்கு எதிரான தேசியச் செயலணி அமைந்தது. குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. பாதிக்கப்பட்டவரை எப்படி அடையாளம் காண்பது, எங்கே அனுப்புவது என்பதற்கு எழுத்தில் நடைமுறைகள் உண்டு. மகளிர் விவகார அமைச்சின் கீழ், ஆட்கடத்தலில் பாதிக்கப்பட்ட பெண்களுக்கென்றே ஒரு பாதுகாப்பு இல்லம் இயங்குகிறது. இடத்தைச் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆட்கடத்தலைத் தடுக்க ஒவ்வொரு நாடும் என்ன செய்கிறது என்று தரப்படுத்தும் அமெரிக்க வெளியுறவுத் திணைக்களத்தின் வருடாந்த அறிக்கையில் இரண்டாம் நிலைக் கண்காணிப்புப் பட்டியலில் கிடந்த இலங்கை, 2022இல் அதிலிருந்து ஏறி இரண்டாம் நிலைக்கு வந்தது. 2015ஆம் ஆண்டின் பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் 10ஆம் இலக்கப் புதிய சட்டம் வந்திருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தைப் பார்க்காமல் வேறோர் இடத்திலிருந்து காணொளி மூலம் சாட்சி சொல்ல அதில் வழி உண்டு. நட்டஈடு கேட்கவும் முடியும்.

ஆனால் அந்தக் கதவுகளுக்குப் போக ஒரு சீட்டு வேண்டும். ‘பாதிக்கப்பட்டவர்’ என்று யாராவது எழுத வேண்டும். முதல் வாக்குமூலத்தில் ‘விருப்பத்தோடு போனார்’ என்று விழுந்துவிட்டால் அந்தச் சீட்டுக் கிடைக்காது. வழக்கு 1985ஆம் ஆண்டின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டத்தின் கீழ், உரிமம் இல்லாமல் ஆள் அனுப்பியதாகப் போய்விடும். நிரூபிக்க அது சுலபம், 360சி கஷ்டம். நடுவில் சப் ஏஜென்ட் ஆள் அனுப்புவார், “காசு தாறம், முறைப்பாட்டை எடுங்கோ” என்று. பல பெண்கள் வாங்கிக்கொள்கிறார்கள். படலையில் ஆள் நிற்கும்போது வேறு என்ன செய்வது, நான் குறை சொல்லமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சிலருக்குப் பிடிக்காது. 2013இல், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் வீட்டு வேலைக்கு வெளிநாடு போவதைத் தடுக்கும் குடும்பப் பின்னணி அறிக்கை வந்தது. பிள்ளைகளின் நலனுக்கென்றுதான் கொண்டுவந்தார்கள். கையெழுத்துக் கிடைக்காத தாய்மார் வீட்டில் இருந்துவிடவில்லை, விசிட் விசாவில் போனார்கள். பணியகத்தில் பதிவில்லை, காப்புறுதியில்லை. 2022இல் அந்த எல்லை இரண்டு வயதாகக் குறைந்தது. நல்ல மாற்றம், தாமதமான மாற்றம்.

கடல் தாண்டாத கதைகளும் கொழும்பிலேயே இருக்கின்றன. மலைநாட்டிலிருந்து ‘ஸ்பா’வில் வேலை என்று வந்த பிள்ளையைச் சுற்றிவளைப்பில் பிடித்தால், 1889ஆம் ஆண்டின் விபசார விடுதிச் சட்டத்தின் கீழோ 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் சட்டத்தின் கீழோ நீதிமன்றத்துக்குக் கொண்டுவருகிறார்கள். எங்கள் பூட்டிக்குப் பூட்டி காலத்துச் சட்டங்கள். அன்று மாலையே கண்ணை மட்டும் மறைத்த படம் செய்தித் தளங்களில். உன் அடையாள அட்டை யாரிடம் இருந்தது என்று அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஊரில் அம்மா அந்தச் சட்டையை வைத்தே ஆளை அடையாளம் கண்டுவிடுவார்.

போகப்போகிறவர்கள் வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து, ஏஜென்சியின் உரிமம் செல்லுபடியாகிறதா, உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் அந்த இடத்திலேயே எழும்பிவிடுங்கள். திரும்பி வந்தவர்கள், வட்ஸ்அப் குரல் பதிவுகளை அழிக்காதீர்கள். கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வருகிறார்கள், எங்களுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. போர்டிங் பாஸின் கிழிந்த துண்டு, லொட்ஜ் ரசீது, காசு போட்ட வங்கிச் சீட்டு எல்லாம் சாட்சியம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அவசரத்துக்கு 119.

அவருடைய வாக்குமூலத்தை மீண்டும் எடுக்கக் கேட்டோம். இழுபட்டு, ஒருநாள் தமிழ் தெரிந்த ஒரு பெண் உத்தியோகத்தர் கிடைத்தார். விருப்பத்தோடு போனீர்களா என்று அவர் கேட்கவில்லை. “பாஸ்போர்ட்டைக் கடைசியா எப்ப உங்கட கையில பார்த்தீங்கள்?” என்று தொடங்கினார். மூன்று மணித்தியாலம் போனது, பதினொரு பக்கம் வந்தது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் என்னிடம் கேட்டார்: “மிஸ், அவ அந்தச் சொல்லை எழுதினவவோ?”

எழுதினார் என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. வவுனியா பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.