அவரை விதைக்கு அலைகிறவர்களுக்கு

எங்கள் தெருவில் ஓர் அம்மா ஆடி முதல் வாரத்தில் இலவச அவரை விதை கேட்டுப் போனார். பொட்டலம் கைக்கு வந்தபோது கார்த்திகை. கொல்லையில் கணுக்கால் தண்ணீர். ஊன்றிய விதை அழுகிப்போனது. அலுவலகப் பதிவேட்டில் அவர் பயன்பெற்றவர். இன்னொருவருக்கு இது நேரக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

2025 ஜூலையில் தமிழக அரசு ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தைத் தொடங்கியது. வீட்டுத் தோட்டத்துக்கு முழு மானியத்தில், அதாவது இலவசமாக, காய்கறி விதை, பழச்செடி, பயறு விதை என மூன்று தொகுப்புகள். பின்னணி இவ்வளவு போதும்.

முதலில் சறுக்குவது பெயரில்தான். காய்கறித் தொகுப்பில் அவரை கிடையாது. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை மட்டுமே. அவரை, காராமணி, மரத்துவரையோடு பயறுத் தொகுப்பில் இருக்கிறது. ‘காய்கறி விதை’ என்று கேட்டால் கொத்தவரையோடு திரும்புவீர்கள். தொடக்க ஆண்டின் அறிவிப்பில் காய்கறித் தொகுப்பு 15 லட்சம் வீடுகளுக்கு, பயறுத் தொகுப்பு 1 லட்சம் வீடுகளுக்கு. எது முதலில் தீரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது அலைக்கழிப்பு. தோட்டக்கலை அலுவலகத்தில் “வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள்” என்பார்கள். அங்கே போனால் “அது தோட்டக்கலை” என்பார்கள். இரண்டுக்கும் நடுவே பஸ் செலவு உங்களுடையது. முதல் இடத்திலேயே, அங்கே பார்க்க வேண்டியது எந்த அலுவலரை, அவர் என்ன பதவி என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

நில ஆவணமான சிட்டாவைக் கேட்டால் மறுத்துப் பேசுங்கள். நம் காவிரி டெல்டாவில் எத்தனையோ வீடுகள் கோயில் மனையிலும் மடத்து மனையிலும் நிற்கின்றன. அவர்களிடம் பட்டா ஏது? சிட்டாவும் அடங்கலும் வயலில் நிரந்தரப் பந்தல் போடும் மானியத்துக்கு உரியவை. கொல்லையில் நான்கு மூங்கில் நட்டுக் கயிறு கட்டுகிறவருக்கு அவை எதற்கு? ஆதாரும் முகவரியும் போதும். குத்தகைக்காரரும் வாடகை வீட்டுக்காரரும் தயங்க வேண்டாம்.

அரசின் ‘உழவன்’ கைபேசிச் செயலியிலோ தோட்டக்கலைத் துறை இணையதளத்திலோ பதியும்போது உங்கள் கைபேசி எண்ணையே கொடுங்கள். கம்ப்யூட்டர் சென்டர்காரர் அவசரத்துக்குத் தன் எண்ணைப் போட்டுவிட்டால், செய்தி அவருக்குப் போகும். உங்களுக்குத் தெரியவே வராது. பொட்டலம் கைக்கு வராமல் எந்தப் பதிவேட்டிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

“அடுத்த வாரம் வாருங்கள்” என்பதை நான் ஏன் இவ்வளவு வெறுக்கிறேன் என்றால், பந்தல் அவரைக்கு அடுத்த வாரம் கிடையாது. பகல் குறையும்போதுதான் அது பூக்கும். ஆடி, ஆவணியில் ஊன்றினால் ஐப்பசி மழைக்கு முன் வேர் பிடித்து, மார்கழி, தையில் காய்த்துக் கொட்டும். மாசியில் விதை கொடுத்தால் கொடி தழைக்கும், காய் வராது. நம் களிமண்ணில் குழி வெட்டாமல், ஒரு முழ உயரம் மேடு கட்டி ஊன்றுங்கள். பந்தல் வேண்டாத, செடியாக நிற்கும் குத்து அவரைக்கு இந்தப் பருவக் கட்டுப்பாடு இல்லை; பொட்டலத்தில் எந்த வகை, எந்தத் தேதிவரை நல்லது என்று பார்த்து வாங்குங்கள்.

இருப்பு இல்லை என்றால் அதையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் முதல்வர் உதவி மைய எண் 1100-க்குப் பேசி மனு எண் வாங்குங்கள். அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு பெறுங்கள். உங்கள் ஒன்றியத்துக்கு எத்தனை பயறுத் தொகுப்பு வந்தது, என்றைக்கு வழங்கினார்கள் என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஆவணி பாதி ஆகியும் வரவில்லையா? பக்கத்து வீட்டு முற்றிய நெற்றிலிருந்து நான்கு விதை கேட்டு வாங்கி ஊன்றிவிடுங்கள். மனுவை மட்டும் திரும்பப் பெறாதீர்கள்.