மதில் இல்லாத ஊருக்குக் கோட்டை என்று பேர்

'கோட்டை லாரமி ஒப்பந்தம்' என்று மறுபடியும் படித்துவிட்டேன். அமெரிக்க அரசு பூர்வகுடிகளோடு 1868இல் செய்துகொண்ட 'ஃபோர்ட் லாரமி' உடன்படிக்கையைத்தான் இப்படி எழுதுகிறார்கள். வேலூர்க் கோட்டை என்கிறோம்; கோட்டை வேலூர் என்று யார் சொல்வார்கள்? ஆங்கிலத்தில் முன்னால் நிற்பதைத் தமிழிலும் முன்னால் நிறுத்திவிட்டால் மொழிபெயர்ப்பு முடிந்தது என்று நினைப்பு.

வரிசையை விடுங்கள், சொல்லே தப்பு. ஃபோர்ட் என்பது 'வலிய' என்னும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. கோட்டைக்கு வேர் கோடு, அதாவது வளைவு. வளைத்துக் கட்டிய மதில். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி தெரிந்தாலும் அமெரிக்க மேற்கில் ஒத்துப்போவதில்லை.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் லாரமி ஆறு வட பிளாட் ஆற்றில் கலக்கும் இடத்தில் 1834இல் தோல் வணிகர்கள் மரவேலியோடு ஒரு சாவடி போட்டார்கள். 1841இல் அதற்குப் பதிலாகப் பச்சைச் செங்கல் சுவரோடு இன்னொன்று. அதுவரை கோட்டை என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். 1849இல் ராணுவம் அதை 4,000 டாலருக்கு வாங்கியது. பிறகு ராணுவம் தானாகக் கட்டியவற்றைச் சுற்றி மதிலே எழுப்பவில்லை. நடுவில் அணிவகுப்புத் திடல், சுற்றிலும் வீரர் குடியிருப்பு, லாயம், கிடங்கு, அவ்வளவுதான். அரணுக்கு உயர்வு, அகலம், திண்மை, அருமை என நான்கு கேட்கிறது குறள். இங்கே ஒன்றுகூட இல்லை.

சிலர் 'பாசறை' என்கிறார்கள். இது இன்னும் மோசம். பாசறை போர்க்காலத்தில் வேந்தன் இறங்கும் இடம். போர் முடிந்தால் கலைந்துவிடும். லாரமியில் ராணுவம் 1890 வரை 41 வருடம் இருந்தது. தவிர, முல்லைப்பாட்டுப் பாசறைக்கு 'இடுமுட் புரிசை' உண்டு. முள்ளால் ஆனாலும் மதில் மதில்தானே! லாரமிக்கு அதுவும் கிடையாது.

எனக்குப் பிடித்தது படைவீடு. படை குடியிருக்கும் இடம், வேறொன்றும் சொல்லாது. முருகன் நினைவுக்கு வருவான் என்பார்கள். வரட்டும், லாரமிப் படைவீடு என்றால் யாரும் காவடி தூக்கிக்கொண்டு கிளம்பப் போவதில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: 1868 உடன்படிக்கையில் லகோட்டா பூர்வகுடித் தலைவர் ரெட் கிளவுட் கடைசியாகத்தான் கையெழுத்திட்டார், மொன்டானா தங்க வயல்களுக்குப் போகும் போஸ்மன் பாதையில் இருந்த மூன்று படைவீடுகளை ராணுவம் காலி செய்த பிறகு. அவற்றில் ஒன்றான ஃபில் கெர்னியைத் தாராளமாகக் கோட்டை என்று எழுதுங்கள். சுற்றிலும் உயரமான மரவேலி இருந்தது. ராணுவம் போனதும் பூர்வகுடிகள் அதைக் கொளுத்திவிட்டார்கள்.