உப்புப் பட்டதும் வெள்ளரிக்காய் ஏன் தண்ணீர் விடுகிறது?

கோப்பாயிலிருந்து ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார்: மத்தியானச் சாப்பாட்டுக்கென்று வெள்ளரிக்காய், தக்காளி, கரட், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் எல்லாவற்றையும் அரிந்து, உப்பும் தேசிக்காய்ப்புளியும் விட்டுச் சலாது கலந்து வைத்தால், பரிமாறும் நேரத்தில் துண்டுகள் சோர்ந்து, கோப்பைக்குள் தண்ணீர் தேங்கிவிடுகிறது. கழுவிய ஈரத்தை வடித்துவிட்டே அரிகிறேன். பிறகு இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

காய்க்குள்ளிருந்துதான். வெள்ளரிக்காயின் நிறையில் ஏறத்தாழ 95 வீதம் தண்ணீர். உருளைக்கிழங்கைக் குடைந்து சீனிக் கரைசல் விட்டுப் பார்த்த பள்ளிக்கூடப் பரிசோதனை நினைவிருந்தால், பிரசாரணம் என்ற சொல்லும் நினைவிருக்கும். ஐதான கரைசலிலிருந்து செறிவான கரைசலுக்கு, கலத்தைச் சூழ்ந்துள்ள மெல்லிய தோலான மென்சவ்வைக் கடந்து, தண்ணீர் செல்வதே அது.

பச்சைக் காயைக் கடிக்கும்போது நறுக்கென்று ஓசை எழுவதும் இதனால்தான். காயின் ஒவ்வொரு கலத்தின் (உயிரணுவின்) நடுவிலும் உள்ள, புன்வெற்றிடம் எனப்படும் சாற்றுப்பையில் சீனியும் உப்புகளும் கரைந்திருப்பதால், அது வெளியிலிருந்து தண்ணீரை இழுத்து நிரப்பிக்கொண்டு, செலுலோசுக் கலச்சுவரை உள்ளிருந்து தள்ளுகிறது. இந்த வீக்க அமுக்கம் பல தாவரக் கலங்களில் வளிமண்டல அமுக்கத்தின் 5 முதல் 10 மடங்கு வரை இருக்கும். கார்ச் சில்லுக்கு நாம் அடிக்கும் காற்று வளிமண்டல அமுக்கத்தின் 2 மடங்களவே. ஒரு துண்டைக் கடிக்கையில், இப்படி இறுக நிரம்பிய ஆயிரக்கணக்கான கலங்கள் ஒரே கணத்தில் வெடிக்கின்றன. அரிந்த முகத்தில் உப்பு விழுந்ததும் அங்குள்ள ஈரத்திலே கரைந்து, கலச்சாற்றைவிடப் பன்மடங்கு செறிவான கரைசலாகிவிடுகிறது. உடனே தண்ணீர் வெளியேற, புன்வெற்றிடம் சுருங்கி, கலச்சுவர் தாங்குவாரின்றித் தளர்கிறது.

தண்ணீர் மட்டும் இத்தனை விரைவாக எப்படிக் கடக்கிறது என்பதே எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. மென்சவ்வு கொழுப்பாலானது; தண்ணீருக்கு எளிதில் இடங்கொடாதது. ஆனால் அதில் அக்குவாபோரின் என்ற புரதக் குழாய்கள் பதிந்திருக்கின்றன. குழாயின் மிக ஒடுங்கிய இடம் ஒரு தண்ணீர் மூலக்கூறின் அகலமே கொண்டதால், மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகவே நுழைய வேண்டும். அப்படியிருந்தும் ஒரு குழாயினூடாகச் செக்கனுக்கு ஏறத்தாழ 300 கோடி மூலக்கூறுகள் செல்கின்றன. உப்புக் கரையும்போது பிரியும் மின்னேற்றத் துணிக்கைகளான அயன்களோ தம்மைச் சூழ்ந்த தண்ணீரை உதற முடியாமல் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் பீற்றர் அக்ரே, இரத்த வகையை நேர், மறை என்று பிரிக்கும் றீசசுக் காரணிப் புரதத்தைத் தேடியபோது, கூடவே வந்த வேண்டாத பொருளாகத்தான் இந்தப் புரதத்தை முதலில் கண்டார். 2003 இல் அதற்காகவே இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பயனை முன்கூட்டியே எழுதித் தந்தால்தான் ஆய்வுக்குப் பணம் என்னும் நடைமுறை இத்தகைய கண்டுபிடிப்புகளின் கழுத்தை நெரிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

நம் கரையோரக் கிணறுகளில் உவர் ஏறிய தண்ணீரை இறைத்த தோட்டத்தில், மண் ஈரமாக இருந்தும் மிளகாய்க் கன்று வாடுவதும் இதே கணக்குத்தான்: மண்ணின் உப்பு, வேர் தண்ணீர் எடுப்பதைத் தடுக்கிறது.

ஆகவே வாசகி காய்களைக் கூரான கத்தியால், சற்றுத் தடித்த துண்டுகளாக அரிந்து, குளிரில் மூடி வைத்து, உப்பையும் புளியையும் இலையில் சோறு போடும்போது கலக்கட்டும். பொடிப்பொடியாக அரிந்தால் உப்புப் படும் பரப்புக் கூடும். வாடிய கரட்டை வெறுந்தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டால் மீண்டும் விறைக்கும். அவித்ததற்கு அது நடவாது, சூட்டில் மென்சவ்வு சிதைந்துவிடுகிறது. தயிர்ப் பச்சடிக்கு மட்டும் முறையை மாற்ற வேண்டும்: உப்பை முதலிலேயே பிரட்டி, கால் மணித்தியாலம் கழித்துப் பிழிந்தெடுத்தால் தயிர் நீர்த்துப் போகாது. பிழிந்த சாற்றை ஊற்றிவிட வேண்டாம். தண்ணீரில் கரையும் உயிர்ச்சத்து சி அதில் இறங்கியிருக்கும். உப்பை அளந்துகொண்டு ரசத்திலோ சொதியிலோ சேர்க்கலாம்.