மேற்குச் சிச்சுவான் மலைகளுக்குத் தனியாகச் செல்வோர் கவனத்துக்கு

சீனாவின் மேற்குச் சிச்சுவான் மலைகளில் உயர நோய்க்கு (மிக உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் நோய்க்கு) ஆளாகித் திரும்பிய இன்னொருவரைச் சென்ற வாரம் பார்த்தேன். நாள்தோறும் ஓட்டப்பயிற்சி செய்யும் இளைஞர். சிச்சுவான் தலைநகர் செங்டுவிலிருந்து விமானத்தில் தாவ்செங் யாடிங் மலைப்பகுதிக்குச் சென்று, அன்றிரவு தொடங்கிய தலைவலியை மாத்திரையால் அடக்கிக்கொண்டு, மறுநாளே 4,500 மீட்டருக்கு மேலுள்ள ஏரிக்கு நடந்திருக்கிறார். அவர் தள்ளாடுவதைக் கண்டு, முன்பின் அறியாத குடும்பம் ஒன்று கீழே அழைத்து வந்திருக்கிறது. முதல் நாளே ஏன் இறங்கவில்லை என்று கேட்டேன். "கையில்தான் ஆக்சிஜன் குப்பி இருந்ததே, டாக்டர்" என்றார்.

அந்தக் குப்பியைப் பற்றி எத்தனை முறை சொல்வது? அதில் இருப்பது சில லிட்டர் வாயு. சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். உயர நோயோ மேலே சென்று பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் முதல் இரவில் தலைகாட்டுவது. மருத்துவமனையில் நாங்கள் கொடுப்பதும் ஆக்சிஜன்தான். ஆனால் மணிக்கணக்கில், இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறோம். யுன்னான் மாகாணத்து லிஜியாங் பனிமலையில் ரோப் காரில் 4,506 மீட்டர் வரை சென்று, படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுபவர், குப்பிதான் தன்னைக் காத்தது என்று ஊரெல்லாம் சொல்கிறார். உண்மையில் அவரைக் காத்தது அவர் சீக்கிரம் இறங்கியதுதான். யாடிங் செல்பவர் பெரும்பாலும் மலையிலேயே இரவு தூங்கவும் வேண்டும். உடற்பயிற்சியும் இதற்குக் காப்பாகாது.

திபெத்துக்கு வெளிநாட்டவர் அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் இன்றிச் செல்ல முடியாது. சிச்சுவான் மலைகளில் பெரும்பாலும் அந்தக் கட்டுப்பாடு இல்லை என்பதால், உங்கள் முகம் வெளிறுவதைக் கவனிக்க உடன் யாரும் இருப்பதில்லை. செங்டுவின் உயரம் சுமார் 500 மீட்டர். தாவ்செங் யாடிங் விமான நிலையம் 4,411 மீட்டரில் இருக்கிறது. ஒரு மணி நேர விமானப் பயணத்தில் இத்தனை உயரம் ஏறுவதை உடல் தாங்கும் என்று எப்படி நினைக்கிறீர்கள்? பேருந்தில் செல்லுங்கள். வழியில் சுமார் 2,500 மீட்டரிலுள்ள காங்டிங் நகரில் இரண்டு இரவாவது தங்குங்கள். அதற்கப்பால் 4,298 மீட்டர் உயரச் செதுவோ கணவாயைப் பகலில் கடப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். நாங்கள் கணக்கில் கொள்வது நீங்கள் தூங்கும் உயரத்தை. 3,000 மீட்டருக்கு மேல் அது நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூடுவது நல்லது. சாலை அதற்கு இடம் தராத இடத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்குங்கள்.

உயர நோயைத் தடுக்க உதவும் அசிட்டசோலமைடு மாத்திரையைப் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்; சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது. தலைவலி இருக்கும்வரை ஒரு படிகூட மேலே ஏறக்கூடாது. நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நள்ளிரவானாலும் இறங்குங்கள், ஆம்புலன்ஸுக்கு 120. கூகுள் அங்கே இயங்காது. சீன மொழிபெயர்ப்புச் செயலியை இணையமின்றி இயங்கும்படி முன்பே பதிவிறக்கி வையுங்கள். மருத்துவமனையில் பாஸ்போர்ட் கேட்பார்கள், முன்பணமும் கேட்கக்கூடும். பணம் செலுத்த உதவும் அலிபே செயலியில் உங்கள் வங்கி அட்டையை ஊரிலேயே இணைத்துவிடுங்கள்.

உயர நோய் முற்றி மூளை வீங்கத் தொடங்கியவருக்குத் தன் நிலை தனக்கே புரியாது. ஆகவே தயவுசெய்து, இரவு படுக்கப் போகுமுன் விடுதி வரவேற்பறையில் மொழிபெயர்ப்புச் செயலியைக் காட்டி, காலையில் உங்கள் அறைக் கதவைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.