அரங்கேற்றத்துக்குப் படம் எடுக்கும் முன் லைட்காரரிடம் பேசுங்கள்

பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குப் படம் எடுக்க அழைக்கும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "என்ன கேமரா சார் வெச்சிருக்கீங்க?" என்பதுதான். மேடைக்கு யார் லைட் போடுகிறார், எப்படிப் போடப்போகிறார் என்று யாரும் யோசிப்பதில்லை. நடனப் படங்களின் தலையெழுத்தைப் பாதிக்கு மேல் எழுதுகிறவர் அவர்தான்.

பலரும் நினைப்பதுபோல மேடையின் இருட்டு பெரிய எதிரி அல்ல. எஃப் 2.8 அளவுக்கு அகலமாகத் திறக்கும் 70-200 மி.மீ. ஜூம் லென்ஸும், ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) 3200 முதல் 6400 வரை ஏற்றினாலும் தாங்கும் கேமராவும் இருந்தால் சராசரி சபா வெளிச்சத்தில் வேலை நடக்கும். படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் நாய்ஸை இன்றைய மென்பொருள்கள் நன்றாகவே துடைத்துவிடுகின்றன. அசைந்து கலங்கிப்போன முகத்தைத்தான் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஐஎஸ்ஓவைக் குறைவாக வைக்க ஆசைப்பட்டு ஷட்டர் திறந்து மூடும் வேகத்தைக் குறைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

உண்மையான தலைவலி வண்ணத்தில் இருக்கிறது. ஹாலஜன் காலத்தில் வெளிச்சம் மஞ்சளாக இருந்தாலும் சீராக இருந்தது. இப்போது வாடகைக்கு வரும் எல்இடி பார் (PAR) மேடை விளக்குகள் ஒரு பொத்தானில் நீலம், சிவப்பு, மஜந்தா என்று மாறுகின்றன. நேரில் பார்க்க அழகுதான். ஆனால் கேமரா சென்சாரில் ஒவ்வொரு நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சைக்கும், ஒன்று சிவப்புக்கும், ஒன்று நீலத்துக்குமாக ஒதுக்கப்பட்டிருக்கும். மேடை முழுக்க நீலத்தை மட்டும் கொட்டினால், நான்கில் ஒரு புள்ளிதான் உருப்படியாக வேலை செய்யும். முகம் மழமழவென்று நீலக் களிம்பு பூசியதுபோல வரும். புருவம், மை, நெற்றிச்சுட்டி எல்லாம் அதில் மூழ்கிவிடும். கேமராவின் மீட்டரோ "வெளிச்சம் சரியாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருக்கும். அதனால் ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தில்) மூன்று நிறங்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகவே எடுக்க வேண்டும். அப்படியும், சென்சாரில் பதிவாகாத நிறத்தை யாராலும் பிறகு உண்டாக்க முடியாது.

ஆகவே நிகழ்ச்சிக்கு முன்பே லைட்காரரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். "அண்ணே, எந்த நிறம் வேணும்னாலும் பின்திரையில போடுங்க, ஆடுற பொண்ணு முகத்துல மட்டும் எப்பவும் கொஞ்சம் வாம் ஒயிட் இருக்கட்டும்" என்று சொன்னால் போதும், பெரும்பாலானவர்கள் ஒத்துழைப்பார்கள். அவர்களிடம் இதை யாரும் கேட்பதே இல்லை என்பதுதான் விஷயம். முன்விளக்கு நேராக நெற்றியில் அடிக்காமல் இரண்டு பக்கத்திலிருந்தும் சாய்வாக வந்தால் முத்திரை பிடித்த விரல்களுக்கு ஒரு திரட்சி கிடைக்கும். பின்னால் எல்இடி திரை இருந்தால் அதன் பிரகாசத்தை நன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள். திரையில் கோபுரம் பளீரென்று ஜொலித்தால் முன்னால் ஆடுகிறவர் வெறும் நிழலாகிவிடுவார். லேசர் வைத்திருந்தால் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். அந்தக் கதிர் நேராக லென்ஸுக்குள் விழுந்தால் சென்சாரே கெட்டுப்போகலாம்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத மினுக்கல். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகின்றன. 1/100 நொடி ஷட்டரில் ஒரு முழுச் சுற்று அடங்கிவிடும், படம் சீராக வரும். 1/500 வைத்தால் ஒரு படம் பிரகாசமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரக்கூடும். ஃப்ளிக்கர் குறைப்பு வசதியுள்ள கேமரா, விளக்கு உச்சத்தில் இருக்கும் கணம் பார்த்து ஷட்டரைத் திறக்கும், அதைப் போட்டுவையுங்கள். எல்இடி திரைகளும் டிம்மரில் மங்கவைத்த எல்இடி விளக்குகளும் பெரும்பாலும் இதைவிடப் பல மடங்கு வேகமாக மினுக்குபவை. அங்கே இந்த வசதி அவ்வளவாக உதவாது.

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இது இன்னும் மோசமாகும். சாதாரண மிரர்லெஸ் கேமராக்கள் சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கின்றன. ஒரு படத்தைப் படித்து முடிப்பதற்குள் விளக்கு சில முறை அணைந்து எரிந்துவிடும், படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். வேகமாக வீசும் கை வளைந்தும் தெரியும். மெக்கானிக்கல் ஷட்டரில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் டக் டக் என்று அடிக்கும். நான் செய்வது இது: ஜதி (சொற்கட்டு) ஓடும்போது நட்டுவாங்கத் தாளமும் மிருதங்கமும் எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிடும், அப்போது மெக்கானிக்கல். அபிநயப் பாடலான பதம் தொடங்கி அரங்கம் அடங்கியதும் எலக்ட்ரானிக், 1/100 நொடி. அபிநயத்தில் நடனமணி ஒரு பாவத்தில் நின்று நிதானிப்பார், அந்த வேகமே போதும். மைக் சரிபார்க்கும் நேரத்தில் காலி மேடையைச் சில படங்கள் எடுத்துப் பார்த்தால் கோடு விழுமா விழாதா என்று தெரிந்துவிடும்.

நிருத்தத்துக்கு, அதாவது அபிநயமில்லாத தாள நடனத்துக்கு, 1/500 வேண்டும், குதிக்கும் அடவுகளுக்கு 1/800 இருந்தால் நிம்மதி. வெளிச்சம் அதற்கு இடம் கொடுக்காவிட்டால் உச்சியைப் பிடியுங்கள். மேலே போன உடல் கீழே திரும்பும் அந்தக் கணத்தில் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும், அங்கே 1/250 நொடியில்கூடத் தெளிவான படம் கிடைக்கும். ஆனால் உச்சியைக் கண்ணால் பார்த்துவிட்டு அழுத்தினால் தாமதம்தான். காதைத்தான் நம்ப வேண்டும். "ததிங்கிணதொம்" மூன்றாவது முறை வரும்போது தீர்மானம் (ஜதியை முடித்துவைக்கும் பகுதி) முடிகிறது, கை நீண்டு, முழங்கால் மடக்கிய அரைமண்டியில் விசிறி விரிந்து நிற்கப்போகிறார் என்று தாளம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதற்கு ஒரு மயிரிழை முன்னால் விரல் அழுந்த வேண்டும். நொடிக்கு 20 படம் சுடும் கேமராவைவிட, ஒத்திகையில் ஒருமுறை உட்கார்ந்து, நிகழ்ச்சியின் முக்கிய உருப்படியான வர்ணத்தைக் கேட்டுவைப்பது அதிகம் உதவும்.

எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) மேனுவலில் வையுங்கள். பின்னால் கறுப்புத் திரை என்றால் ஆட்டோ முகத்தை வெளுக்க வைக்கும், வெள்ளைத் திரை என்றால் கறுக்க வைக்கும். வெள்ளையை வெள்ளையாகக் காட்ட உதவும் ஒயிட் பேலன்ஸையும் முன்விளக்குக்கு ஏற்ப ஒரே இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வரிசை நல்ல இடம் அல்ல. மேடை விளிம்பு பாதங்களை வெட்டிவிடும், சலங்கையில்லாத பரதப் படம் யாருக்குத் தேவை? நடுப்பாதையை ஒட்டிச் சில வரிசைகள் பின்னால், மேடைத் தளம் கண்மட்டத்துக்கு வரும் இடமே சரி. கேமராவின் ஃபோகஸ் உதவி விளக்கு, பீப் ஒலி, முதுகுப்பக்கத் திரை மூன்றையும் அணைத்துவிடுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்: பல சபாக்களில் அனுமதியும் இல்லை, ஆடுகிறவரின் கண்ணையும் கூசும், கஷ்டப்பட்டு அமைத்த ஒளியையும் கொன்றுவிடும். ஃபோனில் ஃபிளாஷ் அடிக்கும் சொந்தக்காரர்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. அந்த வெளிச்சம் சில அடி தூரம்தான் போகும். அவர்கள் படத்தில் பளிச்சென்று விழுவது முன்வரிசைத் தாத்தாவின் வழுக்கை மட்டுமே. இதைத் தொகுப்பாளரே தொடக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், பாதையில் எழுந்து நிற்கும் கூட்டமும் ஓரளவு குறையும்.

படங்களை வடிகட்டும்போது பெற்றோருக்கு முன் குருவிடம் காட்டுங்கள். நமக்குப் பளிங்குபோலத் தெரியும் படத்தில் முழங்கை தொங்கியிருக்கும், அரைமண்டி போதாமல் இருக்கும், கண் போக வேண்டிய திசையில் போயிருக்காது. சிறிய அளவில் மொத்தத்தையும் அவருக்கு அனுப்பி, அவர் வேண்டாம் என்றவற்றை நீக்கிய பிறகே ஆல்பம் வேலையைத் தொடங்குகிறேன்.